வாலிநோக்கத்து மிதவைக்கும் சாயல்குடிக் கலயத்துக்கும்

இராமநாதபுரம் கடற்கரையில் பனையேறும் அண்ணாச்சிமார்களுக்கும், விடிலியில் பதநீர் காய்ச்சும் அக்காமார்களுக்கும், வாலிநோக்கம் உப்பளத்தில் பாத்தி பார்ப்பவர்களுக்கும்,



நான் உங்கள் பக்கத்து ஊர்க்காரன். சாயல்குடிக்கும் வாலிநோக்கத்துக்கும் நடுவே வளர்ந்தவன். இப்போது பிழைப்பு இலண்டனில். இந்த நாட்டில் சொந்த உபயோகத்துக்காக வீட்டில் பியர் செய்துகொள்ள 1963 முதல் உரிமம் வேண்டியதில்லை. விற்கக் கூடாது, அவ்வளவுதான். விடுமுறை வந்தால் என் அடுப்படியில் ஒரு பெரிய பானையில் பார்லி மால்ட் ஊறும். அந்த வேலையில் எனக்குப் பிடிபடாமல் இருந்த ஒரு கணக்கு, உங்கள் இரண்டு தொழில்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. அதற்கு நன்றி சொல்லவே இந்த மடல். ஊரறிய எழுதுவதற்குக் காரணம், உங்களிடம் இருப்பது எவ்வளவு பெரிய அறிவு என்று மற்றவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே.

முதலில் கணக்கைச் சொல்கிறேன். பார்லியை முளைகட்டிக் காயவைத்தால் மால்ட். அதை நொறுக்கிச் சுடுநீரில் ஊறவிட்டால், முளையிலேயே இருக்கும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும். அந்த இனிப்புச் சாற்றை வடித்து, ஹாப்ஸ் பூ சேர்த்துக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட்டைப் போட்டு மூடிவைக்க வேண்டும். ஈஸ்ட் போடுமுன் ஒரு கண்ணாடி மிதவையைச் சாற்றில் விட்டுப் பார்ப்போம். ஹைட்ரோமீட்டர் என்று கடையில் விற்பார்கள். அடியில் கனமும் மேலே மெல்லிய தண்டும் தண்டுக்குள் கோடுகளும் உள்ள சாதனம். வெறும் தண்ணீரில் 1.000 என்ற கோடு வரை அமிழும். சர்க்கரை கரைந்த சாறு கனமானது. அதில் மிதவை மேலே எழும்பி 1.050 என்று காட்டும். இது தொடக்க அடர்த்தி. பத்துப் பதினைந்து நாள் கழித்து, பொங்குவது அடங்கியதும் மறுபடி விட்டுப் பார்த்தால் மிதவை தாழ்ந்திருக்கும்: 1.012. இது முடிவு அடர்த்தி. ஐம்பது புள்ளியில் 38 போய்விட்டது, அதாவது நூற்றுக்கு 76. இந்தப் பங்குக்குப் பியர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் அட்டெனுவேஷன். சர்க்கரையில் ஈஸ்ட் எவ்வளவு தின்றது என்பதன் அளவு அது.

கணக்கு எளிது. மிச்சமிருக்கும் 12 புள்ளிதான் என் மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது. ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது, சாற்றில் இன்னும் ஏதோ கரைந்திருக்கிறது. பிறகு ஏன் அங்கேயே நிறுத்திக்கொள்கிறது? புத்தகத்தில் பதில் இருந்தது. அது மனத்தில் ஒட்டியது உங்களால்.

மிதவையை நான் முதன்முதலில் பார்த்தது உங்கள் உப்பளத்தில். 1974-இல் தொடங்கிய தமிழ்நாடு உப்புக் கழகத்தின் அளம் மாரியூர், வாலிநோக்கம் கரையில் வெள்ளை வெளேரென்று விரிந்து கிடக்கிறது. கடல் தண்ணீர் தேக்கத்துக்கு வரும்போது மிதவை காட்டும் அடர்த்தி மூன்று, மூன்றரை டிகிரி இருக்கும். அங்கிருந்து பாத்தி பாத்தியாக நகர்த்துவீர்கள். வெயிலும் காற்றும் தண்ணீரைக் குடிக்கக் குடிக்க டிகிரி ஏறும். வழியில் ஜிப்சம் படிந்து அடியில் தங்கும். 25 டிகிரியை ஒட்டி உப்புப் பூக்கத் தொடங்கும். முப்பதை நெருங்கும்போது மிச்ச நீரை வெளியேற்றிவிட வேண்டும்; தாமதித்தால் மெக்னீசிய உப்புகள் சேர்ந்து கசப்பேறும், மூட்டையிலும் ஈரம் இழுக்கும். பாத்தியில் மிதவையை விட்டுப் பார்த்துவிட்டு, ‘இன்னும் டிகிரி ஏறல தம்பி, நாளைக்கு வா’ என்று ஓர் அக்கா சொன்னது நினைவிருக்கிறது. உப்பு எடுக்கும் நாளை முடிவு செய்வது அந்தக் கண்ணாடித் தண்டு என்பதை அன்று அறிந்தேன்.

நீங்கள் சொல்லும் டிகிரிக்குப் பின்னால் ஒரு பிரெஞ்சு மருந்தாளர் இருக்கிறார், அந்துவான் போமே. 1768-இல் அவர் தம் மிதவைக்குக் கோடு போட்டபோது எடுத்துக்கொண்டது சர்க்கரையை அல்ல, உப்பைத்தான். வெறும் தண்ணீரில் நிற்கும் இடம் பூச்சியம், நூற்றுக்கு 15 பங்கு உப்புக் கரைந்த நீரில் நிற்கும் இடம் 15. ஆகவே அந்த அளவுகோல் பிறந்ததே உங்கள் சரக்குக்காக. என் பியர் மிதவையின் கோடுகள் வேறு. ஆனால் கருவி ஒன்றே. உங்கள் 25 டிகிரி என் அளவில் ஏறக்குறைய 1.208. கடல் தண்ணீர் 1.025. என் பியர் சாறு கடல் தண்ணீரைவிட இரு மடங்கு ‘கனம்’ என்பது எனக்கு இன்றும் வியப்பு.

உப்பளம் சொல்லித் தந்த பாடம் இது: மிதவைக்கு உப்புத் தெரியாது, சர்க்கரை தெரியாது. அதற்குத் தெரிந்தது கனம் ஒன்றே. என்ன கரைந்திருக்கிறது என்பதை அளப்பவர்தான் அறிந்திருக்க வேண்டும். பாத்தியில் நடக்கும் காரியம் நேரானது. தண்ணீர் போகிறது, உப்பு நிற்கிறது, மிதவை எழும்புகிறது. அதனால் அங்கே மிதவை சொல்வதை அப்படியே நம்பலாம். பியர்ப் பானையில் நடப்பது அவ்வளவு நேரானதல்ல என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இனிப் பனங்காட்டுக்கு வருகிறேன். சொல்ல வேண்டியதில் பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கிறது.

பருவத்தில் இறக்கிய பதநீரில் நூற்றுக்கு 12 முதல் 14 பங்கு சர்க்கரை இருக்கும். என் 1.050 சாற்றில் கரைந்திருப்பதும் நூற்றுக்குப் பன்னிரண்டரையை ஒட்டித்தான். அடர்த்தியை மட்டும் பார்த்தால் பனம்பாளையும் பார்லியும் ஒரே இடத்திலிருந்து புறப்படுகின்றன. ஆனால் பதநீரில் இருப்பது பெரும்பாலும் சுக்ரோஸ், நாம் காப்பியில் போடும் சீனி வகை. ஈஸ்ட் அதைக் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று இரண்டாகப் பிளந்து முழுவதையும் விழுங்கிவிடும். மிச்சம் வைக்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை.

அப்படிப் புளித்த சாறான கள்ளைப் பற்றி ஊரில் கேட்டு வளர்ந்தவன் நான். தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் கள் இறக்கத் தடை. ஆகவே கள்ளில் மிதவை விட்டுப் பார்த்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.  ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க, இலண்டன் கடைகளில் ஆப்பிள் சாற்றில் செய்த சைடர் கிடைக்கிறது. ஆப்பிள் சாறும் பதநீர் மாதிரி எளிய சர்க்கரையால் ஆனது. அது 1.050-இல் தொடங்கினால் 1.000-த்துக்கும் கீழே போய்த்தான் நிற்கும். இனிப்பு துளியும் இருக்காது. பதநீரும் கடைசிவரை புளிக்க விட்டால் அங்கேதான் போய்ச் சேரும். கணக்குப்படி ஆல்கஹால் நூற்றுக்கு ஏழுக்கு மேல் போக வேண்டும். நடப்பில் கள்ளில் அது பெரும்பாலும் 4 முதல் 6 வரைதான். காரணம், கலயத்தில் ஈஸ்ட் தனியாக இல்லை. லாக்டிக் அமிலம் தரும் பாக்டீரியாக்களும் அசிட்டிக் அமிலம் தருபவையும் அதே பந்தியில் உட்கார்ந்திருக்கின்றன. சர்க்கரையில் அவற்றுக்கும் பங்கு உண்டு. அதோடு, ஈஸ்ட் வேலையை முடிக்குமுன்பே மனிதர்கள் குடித்தும் முடித்துவிடுகிறார்கள். காலையில் இனித்தது மாலையில் கடுக்கும், மறுநாள் புளிக்கும் என்று ஊரில் சொல்வது இந்த மொத்தக் கணக்கின் சுருக்கம்.

இதைப் பியரோடு ஒட்டிப் பார்த்தபோதுதான் அந்த 12 புள்ளி பேசத் தொடங்கியது. பார்லி மாவுச்சத்து உடையும்போது எல்லாம் ஒரே அளவில் உடைவதில்லை. இரண்டு கண்ணி மால்டோஸ் வரும், மூன்று கண்ணி மால்டோட்ரையோஸ் வரும், நீண்ட கண்ணிகளும் கிளைகளும் உள்ள டெக்ஸ்ட்ரின்கள் வரும். ஈஸ்ட் முதலாவதை விரும்பித் தின்னும், இரண்டாவதைச் சில வகை ஈஸ்ட்தான் நன்றாகத் தின்னும், மூன்றாவதைப் பெரும்பாலானவை தொடவே தொடாது. பியர் நாக்கில் கொஞ்சம் கெட்டியாக நிற்பதும், சைடர் தண்ணீராக ஓடுவதும் அதனால்தான். ஈஸ்ட் நிறுத்திக்கொள்ளவில்லை, அதற்குத் தின்னக்கூடியது தீர்ந்துபோனது. நூற்றுக்கு 76 என்பது ஈஸ்ட்டின் சோம்பலைக் காட்டுவது போல எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. உண்மையில் அது சாற்றின் குணத்தைக் காட்டுகிறது. மால்ட்டை 65 டிகிரி வெப்பத்தில் ஊறவைத்தால் சிறு சர்க்கரைகள் மிகுதியாக வந்து மிதவை ஆழமாக இறங்கும். 69, 70 என்று ஏற்றினால் டெக்ஸ்ட்ரின் கூடி, மிதவை உயரத்திலேயே நின்றுவிடும். அடர்த்தி நிற்கும் இடத்தை ஈஸ்ட் போடுமுன்பே, ஊறவைக்கும் ஒரு மணி நேரத்தில் நான் பாதி முடிவு செய்துவிடுகிறேன். பதநீரில் இந்தத் தேர்வு யாருக்கும் இல்லை; பாளை கொடுத்தது கொடுத்ததுதான். எல்லாம் தின்னக்கூடிய ஒரு சாறு உங்கள் கலயத்தில் இருப்பதை அறிந்திருந்ததால்தான், எல்லாம் தின்ன முடியாத ஒரு சாறு என் பானையில் இருக்கிறது என்று புரிந்தது.

இப்போது மிதவையின் சிக்கல். பாத்தியில் அது நேராகப் பேசும் என்றேன். பியரில் அப்படிப் பேசாது. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று இரண்டு பொருளாக மாற்றுகிறது. 180 கிராம் குளுக்கோஸ் ஏறக்குறைய 92 கிராம் ஆல்கஹாலாகவும் 88 கிராம் கார்பன் டை ஆக்சைடாகவும் பிரியும். வாயு போய்விடும். ஆல்கஹால் அங்கேயே தங்கும். அதன் அடர்த்தி 0.789, தண்ணீரைவிட வெகு இலேசு. ஆகவே மிதவை தாழ்வதற்குக் காரணம் இரண்டு: சர்க்கரை குறைந்தது ஒன்று, இலேசான ஆல்கஹால் கூடியது ஒன்று. மிதவையால் இவற்றைப் பிரித்துச் சொல்ல முடியாது. சைடர் 1.000-த்துக்குக் கீழே போவதன் காரணமும் இதுதான். சர்க்கரை தீர்ந்து ஆல்கஹால் தங்கிய சாறு தண்ணீரைவிட இலேசாகிவிடுகிறது.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் பிராகா நகரத்து வேதியியலாளர் கார்ல் பாலிங். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அவர் நொதித்த பியரிலிருந்து ஆல்கஹாலைக் காய்ச்சி வெளியேற்றி, மிச்சத்தை மறுபடி தண்ணீரால் நிரப்பி அளந்து, இரண்டு அளவுக்கும் உள்ள உறவைக் கண்டார். அவர் தந்த கணக்கு இன்றும் மாறவில்லை: கரைந்த சத்து 2.0665 கிராம் போனால் 1 கிராம் ஆல்கஹால், 0.9565 கிராம் வாயு, 0.11 கிராம் புது ஈஸ்ட். கூட்டிப் பாருங்கள், ஒரு துளி சிந்தாது. மிதவை காட்டும் பங்கு தோற்றம். அதை ஏறக்குறைய 0.82-ஆல் பெருக்கினால் வருவது உண்மை. என் 76 உண்மையில் 62-தான். பிடிபடாமல் இருந்த மீதிக் கணக்கும் இப்படித் தீர்ந்தது. பியரில் எஞ்சியிருக்கும் சத்து மிதவை சொல்வதைவிடக் கணிசமாக அதிகம். உப்பளத்தில் ஒற்றைக் காரணத்தால் ஏறும் மிதவையைப் பார்க்காமல் இருந்திருந்தால், இரட்டைக் காரணத்தால் இறங்கும் மிதவையை நான் சந்தேகித்திருக்கவே மாட்டேன்.

அண்ணாச்சிமாரே, உங்கள் சுண்ணாம்பைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. விடியுமுன் தளைநாரைக் காலில் மாட்டி, அரிவாள் பெட்டியை இடுப்பில் கட்டி ஏறுகிறீர்கள். பாளையை மயிரிழை மாதிரிச் சீவி, கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவிக் கட்டிவிட்டு இறங்குகிறீர்கள். மாலையில் மறுபடி ஏறுகிறீர்கள். அதே மரம், அதே பாளை. சுண்ணாம்பு பதநீரின் காரத்தன்மையை ஏற்றிவிடும். பாளையிலும் கலயத்திலும் வண்டிலும் காற்றிலும் காத்திருக்கும் ஈஸ்ட்டுக்கு அதில் பிழைப்பு இல்லை. ‘வெயிலுக்கு முன்னாடி எறக்கணும், இல்லன்னா நொரச்சிரும்’ என்று சொல்வீர்கள். ஈஸ்ட் உயிருள்ளது என்று ஐரோப்பியர் 1830-களில்தான் நுண்ணோக்கியில் கண்டு வாதாடினார்கள். பாஸ்டர் தம் பியர் ஆராய்ச்சி நூலை வெளியிட்டது 1876-இல். டென்மார்க்கில் எமில் ஹான்சன் ஒற்றை ஈஸ்ட்டைத் தனியாகப் பிரித்து வளர்த்தது 1883-இல். அவர்களுடைய உழைப்பை நான் மதிக்கிறேன். என் பானையில் விழும் ஒவ்வொரு ஈஸ்ட்டும் ஹான்சனுக்குக் கடன்பட்டது. ஆனால் எந்த அளவு சுண்ணாம்பு அதை நிறுத்தும், எந்த அளவு குறைந்தால் உச்சியிலேயே நுரை கட்டும், எவ்வளவு மிஞ்சினால் பதநீர் வாயில் வைக்க ஒண்ணாமல் போகும் என்பதை நுண்ணோக்கி இல்லாமல், தினம் இரு வேளை, மரத்துக்கு மரம் நீங்கள் சரிபார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் ஈஸ்ட்டை அழைக்கும் வேலை செய்கிறேன், நீங்கள் ஈஸ்ட்டை வாசலிலேயே நிறுத்தும் வேலை செய்கிறீர்கள். நிறுத்துவதுதான் கடினம்.

விடிலியில் நடப்பது இதையும் மிஞ்சியது. அக்காமாரே, இதை நான் இவ்வளவு விரிவாக எழுதுவது உங்களுக்காகத்தான். ஈஸ்ட் சுக்ரோஸைத் தின்னுமுன் அதை இரண்டாகப் பிளக்கும் என்றேன். பிளக்கும் வேலை தின்னும் வேலையைவிட முந்தியது, வேகமானது. பிளந்த நிலையில் சர்க்கரை எங்கும் போய்விடவில்லை, கனம் குறையவில்லை. மிதவையை விட்டால் நல்ல பதநீரில் எங்கே நிற்குமோ அங்கேதான் நிற்கும். ஆனால் அந்தப் பதநீரை வட்டக் கொப்பரையில் ஊற்றிக் காய்ச்சினால் கருப்பட்டி உறையாது. சிரட்டையில் ஊற்றினால் பிசுபிசுவென்று நிற்கும். பிளந்த சர்க்கரை படிகம் கட்டாமல் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் என்பதே காரணம். நீங்கள் கொப்பரையில் எழும் நுரையைப் பார்த்தும், துடுப்பிலிருந்து விழும் துளியைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்தும், ‘இது உறையாது, கூப்பதனியா எறக்கு’ என்று, கட்டியாக்காமல் பாகாகவே இறக்கச் சொல்லிவிடுவீர்கள். 1.050 என்று மிதவை சத்தியம் செய்துகொண்டிருக்கும்போது ஈஸ்ட் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது என்று கண்டுபிடிப்பவர்கள் நீங்கள். என் கருவிப் பெட்டியில் அதற்கு ஈடான ஒன்று இல்லை. இதை அறிந்த நாள் முதல், அளவீட்டை மட்டும் நம்பிப் பானையை மூடிவைக்கும் பழக்கத்தை விட்டேன்; முகர்கிறேன், சுவைக்கிறேன், நுரையைப் பார்க்கிறேன், பிறகுதான் எண்ணைக் குறிக்கிறேன்.

மண்டியைப் பற்றியும் ஒரு சொல். கள் இருந்த காலத்தில் அடியில் தங்கிய மண்டியை எடுத்து ஆப்பமாவில் கலந்தவர்கள் உண்டு. மாவு விடிவதற்குள் பொங்கி நிற்கும். அந்த மண்டி உயிருள்ள ஈஸ்ட்தான். நானும் ஒரு பியரின் அடிமண்டியைக் கரண்டியால் எடுத்து அடுத்த பியருக்குப் போடுகிறேன். ஒவ்வொரு ஈஸ்ட்டுக்கும் ஒரு குணம். ஆங்கிலேய ஏல் வகைப் பியர் ஈஸ்ட் சிலவற்றின் பங்கு நூற்றுக்கு 65, 70-இல் நின்றுவிடும். தின்றது போதும் என்று கட்டி கட்டியாகச் சேர்ந்து அடியில் உட்கார்ந்துவிடும். பெல்ஜியத்துப் பண்ணை பியர் ஈஸ்ட்டுகளில் சில 85-ஐயும் தாண்டும், டெக்ஸ்ட்ரினையே உடைக்கும் நொதியும் அவற்றிடம் உண்டு. அப்படிப்பட்டதை அறியாமல், மிதவை ஒரு நாள் நின்றதைப் பார்த்துப் புட்டியில் அடைத்தால் ஆபத்து. நான்கு புள்ளி மிச்சமிருந்து உள்ளே தின்னப்பட்டால் லிட்டருக்கு ஏறக்குறைய 4 கிராம் வாயு கூடுதலாகச் சேரும். நுரைக்காகப் போட்ட சீனியும் சேர்ந்தால் கண்ணாடி தாங்காது. அதனால் அடுத்தடுத்த நாள்களில் அளந்து, எண் அசையாமல் இருந்தால் மட்டுமே அடைப்போம். உப்பை வாருமுன் பாத்தியை மறுநாளும் பார்க்கச் சொன்ன அந்த அக்காவின் நிதானம்தான் இது.

எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அதை மறைக்காமல் எழுதுகிறேன். பிரிட்டனில் 1880-இல் பிரதமர் கிளாட்ஸ்டன் பியர் வரியை மாற்றியமைத்தபோது, சாற்றின் தொடக்க அடர்த்தியைப் பார்த்து வரி என்று ஆக்கினார். அதனால் நாட்டிலுள்ள ஒவ்வொரு பியர் ஆலையும் ஒவ்வொரு பானையையும் அளந்து ஏட்டில் எழுதியாக வேண்டியிருந்தது. 1993 வரை அந்த முறை நீடித்தது. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட எண்கள் இங்கே ஏடுகளில் கிடக்கின்றன. எந்த ஊரில், எந்தப் போரின்போது, பியர் எவ்வளவு நீர்த்தது என்று உட்கார்ந்து படிக்கலாம். அதே ஆட்சி, ஏறக்குறைய அதே காலத்தில், 1886-இன் ஆப்காரி என்ற மதுவரிச் சட்டத்தை வைத்துக்கொண்டு சென்னை மாகாணத்தில் கள்ளுக்கு மரவரி வாங்கியது. மரத்துக்கு இவ்வளவு. மரம் எண்ணப்பட்டது, சாறு அளக்கப்படவில்லை. கடற்கரைப் பனை என்ன அடர்த்தியில் தருகிறது, உள்நாட்டுச் செம்மண் பனை என்ன தருகிறது, பங்குனியில் எவ்வளவு, ஆனியில் எவ்வளவு, ஆண்பனைக்கும் பெண்பனைக்கும் என்ன வித்தியாசம் என்பதெல்லாம் உங்கள் நாக்கிலும் நினைவிலும் மட்டுமே தங்கின. பிறகு தடை வந்தது, தளர்ந்தது, மறுபடி வந்தது. பனையேறியைக் கண்டால் கலயத்தை மோந்து பார்க்கும் அதிகாரிதான் வந்தாரே தவிர, மிதவையோடு வந்து ‘ஐயா, உங்கள் பதநீர் என்ன டிகிரி’ என்று மரியாதையாகக் கேட்டவர் அரிது. பனை தமிழ்நாட்டின் மாநில மரம். அதன் உச்சியில் நடக்கும் கணக்குக்கு ஓர் ஏடு இல்லை. ஏறுகிற கால்கள் குறைந்துவரும் இந்த நாளில் அது எனக்குப் பெரிய இழப்பாகவே படுகிறது.

ஆகவே நன்றியோடு ஒரு கைம்மாறும் செய்ய விரும்புகிறேன். வருகிற மாசியில் ஊருக்கு வருகிறேன். நீங்கள் சம்மதித்தால் மிதவையும் ஒரு நீண்ட குடுவையும் வெப்பமானியும் கொண்டு வருகிறேன். காலைப் பதநீர், மாலைப் பதநீர், மரம், பாளை, தேதி என்று நீங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். நோட்டு உங்களிடமே இருக்கட்டும். அளக்கும் முறையில் பெரிய வித்தை இல்லை. நுரையையும் குமிழியையும் அடங்கவிட வேண்டும், குமிழி ஒட்டினால் மிதவை பொய்யாக எழும்பும்; ஒரு சுழற்றுச் சுழற்றிவிட்டால் உதிர்ந்துவிடும். கண்ணை நீர்மட்டத்துக்கு நேரே வைத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலான மிதவைகளுக்கு 20 டிகிரி வெப்பத்தில் கோடு போட்டிருப்பார்கள். நம் ஊர் வெயிலில் பதநீர் 35-இல் இருந்தால் நான்கு புள்ளி குறைத்துச் சொல்லும், அதைக் கூட்டிக்கொள்ள வேண்டும். சுண்ணாம்பும் கொஞ்சம் எடை சேர்க்கும். தெளியவைத்து அளந்தால் அது பெரிதாகப் பாதிக்காது.

இதனால் உங்களுக்கு என்ன பயன் என்று கேட்பீர்கள். நூறு கிலோ பதநீரில் 12 பங்கு சர்க்கரை இருந்தால் ஏறக்குறைய 12 கிலோ கருப்பட்டி, 14 இருந்தால் 14. அடுப்பில் வைக்குமுன்பே எவ்வளவு தேறும், எவ்வளவு விறகு எரியும் என்று தெரியும். பதநீரை லிட்டர் கணக்கில் ஒரே விலைக்கு எடுக்கும் வியாபாரியிடம், உப்பளத்தில் டிகிரி பார்த்து முடிவெடுப்பது போல, டிகிரி பார்த்து விலை பேசலாம். தண்ணீர் கலந்தவரையும் மிதவை காட்டிக்கொடுக்கும். சீனி கலந்து கருப்பட்டி போடுகிறவர்களை அது காட்டிக்கொடுக்காது. சீனியும் பனஞ்சர்க்கரையும் அதற்கு ஒரே கனம். அந்தக் களவைப் பிடிக்க இன்றும் உங்கள் நாக்குத்தான் வேண்டும்.

கண்ணாடித் தண்டு எளிதில் உடையும். இரண்டாகக் கொண்டு வருகிறேன்: ஒன்று மரத்தடிக்கு, ஒன்று விடிலிக்கு. உப்பளத்து அக்காமார்களிடம் ஏற்கெனவே இருக்கிறது; எப்படிப் பிடிப்பது என்று அவர்களையே வந்து காட்டச் சொல்லலாம்.


உங்கள் பக்கத்து ஊர்ப் பிள்ளை,
இலண்டன்